நடுநிலை தவறாத நீதிமான் – அமரர் ஜஸ்டிஸ் பி. ஜகன்மோகன் ரெட்டி

நம்மவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் நீதிபதிகளைப் பற்றிப் பேச்சு வந்தால், முதலில் வரும் பெயர் சர் டி. முத்துசாமி ஐயருடையதுதான். மாதம் ஒரு ரூபாய் சம்பளத்தில் கிராமக் கணக்கருக்கு எடுபிடியாக இருந்த பையன், தெருவிளக்கில் படித்து, சென்னை ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியாக உயர்ந்த கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லாமல் விட்டதில்லை. அவர் நியமனத்தை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் ஏளனம் செய்தன என்ற கோபத்தில்தான் 1878-ல் ஆறு இளைஞர்கள் சேர்ந்து ‘தி ஹிந்து’ பத்திரிகையைத் தொடங்கினார்கள் என்பதும் பலருக்குத் தெரியும். அவர் பெயரின் முன் நிற்கும் ‘டி’ என்ற எழுத்து திருவாரூரைக் குறிப்பது. கன்றுக்குட்டிக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டதாகச் சொல்லப்படும் மனுநீதிச் சோழனின் ஊரும் அதே திருவாரூர்தான். நீதி என்பது நமக்குக் கதையாகவும் சரித்திரமாகவும் ஒரே ஊரிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தக் கட்டுரையில் நான் எழுதப்போகும் நீதிபதி நம்மவர் அல்லர், தமிழரும் அல்லர். நான் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவரும் ஹைதராபாத் மண்ணைச் சேர்ந்தவர். அமரர் ஜஸ்டிஸ் பி. ஜகன்மோகன் ரெட்டி அவர்கள். நமது காலாண்டிதழில் இவரைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று யாராவது கேட்டால், கட்டுரையின் கடைசியில் அதற்கு என் பதிலைச் சொல்கிறேன்.

இதை எழுதத் தூண்டியவள் என் பேத்தி. சட்டம் படிக்கிறாள். ஒரு நாள் மாலை, காபி டம்ளரும் கையுமாக என் நாற்காலி அருகில் வந்து உட்கார்ந்தவள், “தாத்தா, கேசவானந்த பாரதி கேஸில் தீர்ப்புச் சொன்ன பதிமூன்று பேரில் ஒருவர் நம்ம ஹைதராபாத்காரராமே, அவரைப் பார்த்திருக்கிறாயா?” என்று கேட்டாள். நான் அவரை நேரில் அறிந்தவனில்லை. ஆனால் அவர் வாழ்ந்த ஊரில், அவர் காலத்தில், ஒரு சாதாரண மத்திய அரசு ஊழியனாக இருந்திருக்கிறேன். அவள் பாடப்புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறை என்னை உறுத்தியது. அஃப்சல்கஞ்ச் மத்திய நூலகத்திலும் தெரிந்தவர்களிடமும் தேடித் திரட்டியதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

மூசி நதிக்கரை நீதிமன்றம்

ஹைதராபாத்துக்கு வரும் நம் உறுப்பினர்கள் சார்மினார் பார்க்கப் போகும் வழியில் நயாபுல் பாலத்தைக் கடக்கும்போது, மூசி நதியின் கரையில் சிவப்புக் கல்லும் வெள்ளைக் குவிமாடங்களுமாக ஒரு பெரிய கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். எதிர்க்கரையில் உஸ்மானியா ஆஸ்பத்திரி. 1908 செப்டம்பரில் மூசியில் வந்த பெருவெள்ளம் ஊரையே புரட்டிப்போட்ட பிறகு, ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் காலத்தில் நகரைத் திருத்தி அமைத்தபோது எழுந்த கட்டடங்களில் இது ஒன்று. வின்சென்ட் எஷ் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞரின் பங்களிப்போடு உருவாகி, 1920-ல் திறக்கப்பட்டது.

ஜகன்மோகன் ரெட்டி அவர்கள் பிறந்தது 1910 ஜனவரி 23. வாரங்கல் பகுதியில் பெயர்பெற்ற பிங்கிளி குடும்பத்தைச் சேர்ந்தவர். இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் சட்டம் பயின்றவர். அந்த நாளில் நிஜாம் சமஸ்தானத்தில் கோர்ட்டு நடவடிக்கைகள் உருது மொழியில் நடந்தன. கேம்பிரிட்ஜில் ஆங்கிலத்தில் சட்டம் படித்தவர், உருதுவில் வழக்காடும் ஊருக்குத் திரும்பி வந்து, வீட்டில் தெலுங்கு பேசினார் என்பதை நினைத்துப் பார்த்தால், அன்றைய ஹைதராபாத் எப்படிப்பட்ட ஊர் என்பது விளங்கும்.

1948 செப்டம்பரில் போலீஸ் நடவடிக்கை நடந்து சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. 1952-ல் ரெட்டி அவர்கள் ஹைதராபாத் ஹைகோர்ட்டின் நீதிபதியானார். 1956 நவம்பர் 1-ம் தேதி ஆந்திரப் பிரதேசம் உருவானபோது, 1954 முதல் குண்டூரில் இயங்கிவந்த ஆந்திரா ஹைகோர்ட்டும் ஹைதராபாத் ஹைகோர்ட்டும் ஒன்றாயின. முதல் தலைமை நீதிபதி, பின்னாளில் இந்தியாவின் தலைமை நீதிபதியான கே. சுப்பா ராவ் அவர்கள். ஒரு பக்கம் சென்னை ஹைகோர்ட் மரபில் ஊறிய குண்டூர் வக்கீல்கள், இன்னொரு பக்கம் உருதுச் சட்டச் சொற்களில் பழகிய ஹைதராபாத் வக்கீல்கள். இரண்டு குடும்பங்கள் ஒரே வீட்டில் குடியேறிய கதைதான். அந்த வீட்டில் பத்து வருஷம் நீதிபதியாக இருந்து, 1966-ல் ரெட்டி அவர்கள் தலைமை நீதிபதியானார். 1969-ல் தனித் தெலங்கானா கிளர்ச்சி தெருவெல்லாம் கொந்தளித்தபோது ஹைகோர்ட்டின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அவரே.

அதே வருஷம் ஆகஸ்ட் 1-ம் தேதி அவர் சுப்ரீம் கோர்ட் நீதிபதியாகப் பதவி ஏற்றார். அன்றே பதவி ஏற்ற இன்னொருவர் கல்கத்தாவைச் சேர்ந்த ஏ. என். ராய். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வருகிறது.

வங்கியும் பத்திரிகையும்

நம் சங்கத்தில் வங்கிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். 1969 ஜூலை 19-ல் பதினான்கு பெரிய வங்கிகள் தேசியமயமாக்கப்பட்ட நாளை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதை எதிர்த்து ஆர். சி. கூப்பர் தொடுத்த வழக்கு, புதிதாக வந்த ரெட்டி அவர்களின் முன் உடனேயே வந்து நின்றது. 1970 பிப்ரவரி 10-ல் பதினோரு நீதிபதிகளில் பத்துப் பேர் அந்தச் சட்டம் செல்லாது என்றார்கள். ரெட்டி அவர்கள் அந்தப் பத்துப் பேரில் ஒருவர். மாறுபட்ட ஒருவர் ஏ. என். ராய். வங்கிகளை அரசு எடுத்துக்கொள்ளவே கூடாது என்று பெரும்பான்மையினர் சொல்லவில்லை. பதினான்கு வங்கிகளை மட்டும் தொழில் செய்யவிடாமல் தடுத்ததும், நஷ்டஈட்டைக் கணக்கிட்ட விதமும் சரியில்லை என்றே சொன்னார்கள். சில நாட்களிலேயே அரசு குறைகளைச் சரிசெய்து புதிய அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வங்கிகள் அரசிடமே இருந்தன. பங்குதாரர்களுக்குச் சேர வேண்டியதும் சேர்ந்தது.

அடுத்தது, 1972 அக்டோபர் 30-ல் வந்த பத்திரிகைக் காகித வழக்கு. காகிதப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி, நாளிதழ்கள் பத்துப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு விதித்திருந்தது. கொடுத்த காகிதத்துக்குள்ளேயே பிரதிகளைக் குறைத்துப் பக்கங்களைக் கூட்டிக்கொள்ளவும் அனுமதி இல்லை. இது கருத்துச் சுதந்திரத்தைப் பாதிக்கிறது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொல்லிற்று. அதைத் தம் சார்பிலும் ரெட்டி அவர்களின் சார்பிலும் எழுதியவர் ஏ. என். ராய்! வங்கி வழக்கில் எதிரெதிராக நின்ற இருவரும் இங்கே ஒரே பக்கம். நீதிபதிகளை ‘இந்தக் கட்சி, அந்தக் கட்சி’ என்று பிரித்துப் பார்க்கும் நம் பழக்கத்துக்கு இது நல்ல பாடம்.

ஆமதாபாத்

1969 செப்டம்பர் 18-ம் தேதி ஆமதாபாத்தில் ஜகந்நாதர் கோயில் அருகே தொடங்கிய தகராறு பெருங்கலவரமாக மாறி, குஜராத்தின் மற்ற ஊர்களுக்கும் பரவியது. அரசுக் கணக்குப்படி 660 பேர் மாண்டார்கள். அது காந்திஜியின் நூற்றாண்டு வருஷம். அவர் ஆசிரமம் அமைத்து வாழ்ந்த ஊர் அது. விசாரிப்பதற்கு நியமிக்கப்பட்ட கமிஷனுக்கு ரெட்டி அவர்கள் தலைவர், நீதிபதிகள் என். கே. வகீல், ஏ. எஸ். சரேலா ஆகியோர் உறுப்பினர்கள். ஒரு ஹிந்து, ஒரு பார்ஸி, ஒரு முஸ்லிம்.

கலவர விசாரணை அறிக்கை என்றால் ‘இரு தரப்பிலும் தவறு இருந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவது சுலபம். இந்தக் கமிஷன் இடம் இடமாகப் போய்ப் பார்த்தது. போலீஸ் லைனுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அடுத்தாற்போலவே இருந்த முஸ்லிம் வழிபாட்டிடங்கள் தாக்கப்பட்டிருந்தன. ஆள்பலத்தை வேறு இடங்களுக்கு அனுப்பிவிட்டோம், அதனால் தடுக்க முடியவில்லை என்பது போலீஸ் தரப்பு விளக்கம். கமிஷன் அதை ஏற்கவில்லை. ஸ்டேஷனிலிருந்து எத்தனை அடி தூரம் என்று அளந்து பார்த்தாலே தெரிந்துவிடும் உண்மை அது. நான் பௌதிகம் படித்தவன். எந்த வாதத்துக்கும் முன்னால் ஒரு அளவுகோலை வைத்துப் பார்க்கும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பதிமூன்று பேரில் ஒருவர்

இப்போது என் பேத்தி கேட்ட வழக்குக்கு வருகிறேன். கேரளத்தின் காசர்கோடு அருகே எடநீர் மடம். அதன் பீடாதிபதி ஸ்ரீ கேசவானந்த பாரதி சுவாமிகள், மடத்தின் நிலங்களைப் பாதிக்கும் நிலச்சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்து 1970-ல் வழக்குப் போட்டார். மடத்து நிலம் என்று தொடங்கிய விஷயம், பாராளுமன்றத்துக்கு அரசியல் சட்டத்தை எவ்வளவு தூரம் மாற்ற அதிகாரம் உண்டு என்ற கேள்வியில் போய் நின்றது. 1967-ல் சுப்பா ராவ் அவர்கள் தலைமையில் வந்த கோலக்நாத் தீர்ப்பு, அடிப்படை உரிமைகளில் கைவைக்கவே கூடாது என்றிருந்தது. அதற்குப் பதிலாக அரசு அடுத்தடுத்துத் திருத்தங்களைக் கொண்டுவந்தது.

பதிமூன்று நீதிபதிகள் அமர்ந்தார்கள். அதற்கு முன்போ பின்போ அத்தனை பேர் கொண்ட அமர்வு ஒரு வழக்கில் தீர்ப்பு வழங்கியதில்லை. 1972 அக்டோபர் 31 முதல் 1973 மார்ச் 23 வரை, 68 நாட்கள் வாதம். ஒரு பக்கம் நானி பால்கிவாலா, எதிர்ப்பக்கம் எச். எம். சீர்வை, அட்டர்னி ஜெனரல் நிரேன் டே. 1973 ஏப்ரல் 24-ல் ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அரசியல் சட்டத்தின் எந்தப் பகுதியையும் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படை அமைப்பை அழிக்க முடியாது என்பது பெரும்பான்மையின் முடிவு. அந்த ஏழு பேரில் ஒருவர் ஜகன்மோகன் ரெட்டி.

ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம் என்பதை உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும். அந்த ஏழு பேரில் எவர் ஒருவர் மனம் மாறியிருந்தாலும் இந்த நாட்டின் சரித்திரம் வேறாக இருந்திருக்கும்.

அவர் தனித் தீர்ப்பு எழுதினார். திருத்தம் என்ற சொல்லுக்குள் அழித்தல் அடங்காது என்பது அதன் சாரம். சட்டத்தின் முகவுரையைக் கையில் எடுத்துக்கொண்டு, மக்களாட்சிக் குடியரசு, பாராளுமன்ற ஜனநாயகம், ஆட்சியின் மூன்று அங்கங்கள் ஆகியவை இந்த அமைப்பின் உயிர்நாடிகள் என்றார். சாதாரண மனிதர்களுக்குப் புரியும்படி சொல்வதானால், அக்ரஹாரத்துப் பழைய வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முற்றத்தை மூடலாம், மாடி கட்டலாம், கிணற்றடியைக் குளியலறை ஆக்கலாம். எல்லாம் வீட்டில் செய்யும் மராமத்து. அஸ்திவாரத்தைப் பெயர்த்து எடுத்து விற்றுவிட்டு, ‘இதுவும் மராமத்துதான்’ என்று சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

தீர்ப்பு வந்த மறுநாள் தலைமை நீதிபதி சிக்ரி ஓய்வு பெற்றார். மூப்பு வரிசையில் அடுத்து இருந்த ஷெலட், ஹெக்டே, குரோவர் மூவரும் அரசுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னவர்கள். மூவரையும் தாண்டி, ஏ. என். ராய் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். மூவரும் ராஜினாமா செய்தார்கள். அப்போது நான் வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆபீசில் பெரியவர்கள் இதைப் பற்றி மெல்லிய குரலில் பேசிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது. சீனியாரிட்டி என்பது அரசு ஊழியனுக்கு வேதம் அல்லவா! சுப்ரீம் கோர்ட்டிலேயே அதைத் தாண்டுகிறார்கள் என்றால், நம் கதி என்ன என்றுதான் அன்று யோசித்தோம். விஷயம் அதைவிடப் பெரிது என்பது இரண்டு வருஷம் கழித்து, 1975 ஜூன் 25-ல் எமர்ஜென்சி வந்தபோதுதான் புரிந்தது.

ரெட்டி அவர்கள் பதவியில் தொடர்ந்து, 65 வயது முடிந்து 1975 ஜனவரியில் ஓய்வு பெற்றார். அவர் கையெழுத்திட்ட தீர்ப்பு மட்டும் ஓய்வு பெறவில்லை. அதே வருஷம் நவம்பர் 7-ல், பிரதமரின் தேர்தலைக் கோர்ட்டின் வரம்புக்கு அப்பால் வைத்த 39-வது திருத்தத்தின் பகுதி, அடிப்படை அமைப்புக் கோட்பாட்டின்படியே செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அந்த அமர்வுக்குத் தலைவர் ஏ. என். ராய். 1980-ல் மினர்வா மில்ஸ் வழக்கிலும் அந்தக் கோட்பாடுதான் நின்றது.

அறுபது லட்சம் ரூபாய்

ஓய்வுக்குப் பின் 1975 முதல் 1977 வரை ரெட்டி அவர்கள் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். 1977-ல் ஜனதா அரசு வந்தது. எமர்ஜென்சியை விசாரிக்க ஷா கமிஷன், மாருதி விவகாரத்துக்குக் குப்தா கமிஷன் என்று வரிசையாகக் கமிஷன்கள். நகர்வாலா வழக்கு ரெட்டி அவர்களிடம் வந்தது.

இளைய தலைமுறைக்காக அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1971 மே 24. டெல்லி பாராளுமன்றத் தெரு ஸ்டேட் வங்கியின் தலைமைக் காசாளர் மல்ஹோத்ராவுக்கு ஒரு போன் வந்தது. முதலில் பேசியவர் தம்மைப் பிரதமரின் செயலர் என்று சொல்லிக்கொண்டார். பிறகு பிரதமர் இந்திரா காந்தியின் குரல் போல ஒரு குரல். பங்களாதேஷ் சம்பந்தமான ரகசிய வேலைக்கு அறுபது லட்சம் ரூபாய் வேண்டும், குறிப்பிட்ட அடையாளச் சொல் சொல்லும் நபரிடம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. காசாளரும் செக், வவுச்சர் எதுவும் இல்லாமல் பெட்டியில் பணத்தை எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டார். பின்பு பிரதமர் அலுவலகத்தில் விசாரித்தால், அப்படி உத்தரவே இல்லை என்றார்கள். அன்றைக்கே நகர்வாலா என்ற முன்னாள் ராணுவ அதிகாரி பிடிபட்டார். பணத்தின் பெரும்பகுதியும் கிடைத்தது. குரலை மாற்றிப் பேசியது தாமே என்று ஒப்புக்கொண்டார். சில நாட்களுக்குள் வழக்கு முடிந்து நான்கு வருஷச் சிறை. அந்த நவம்பரில் புலன்விசாரணை செய்த போலீஸ் அதிகாரி கஷ்யப் கார் விபத்தில் இறந்தார். 1972 மார்ச்சில் நகர்வாலாவும் காவலில் இருக்கும்போதே ஆஸ்பத்திரியில் இறந்தார். ஊரெல்லாம் வதந்தி பறந்ததில் வியப்பில்லை.

1977-ல் நாடே எதிர்பார்த்தது என்ன? பணம் இன்னாருடையது, இன்னார்தான் போன் செய்தார், மரணங்கள் இன்னாருடைய சதி என்று ஒரு நீதிபதி எழுதிக் கொடுக்க வேண்டும். நியமித்த அரசுக்கு அது இனித்திருக்கும். 1973-ல் இந்திரா அரசின் வாதத்தை ஏற்க மறுத்தவர்தானே, இப்போதும் எதிராகவே எழுதுவார் என்று எண்ணியவர்களும் இருந்திருப்பார்கள். 1978-ல் அவர் அறிக்கை கொடுத்தார். வழக்கு நடந்த அவசரத்தையும், கேட்கப்படாமல் விடப்பட்ட கேள்விகளையும் கமிஷன் ஆராய்ந்தது. ஆனால் பிரதமருக்கு அந்தப் பணத்தோடு தொடர்பு உண்டு என்ற முடிவுக்கு வரவில்லை. கிடைத்த சாட்சியம் எதுவரை போயிற்றோ, அதுவரையே போய் நின்றுவிட்டது.

பலருக்கு ஏமாற்றம். இன்றும் நகர்வாலா மர்மம் என்றுதான் எழுதுகிறார்கள். எனக்கு மட்டும், அவர் வாழ்க்கையில் கேசவானந்த பாரதி தீர்ப்புக்குச் சமமான இடம் இந்த அறிக்கைக்கு உண்டு என்று படுகிறது. 1973-ல் பலம் பொருந்திய ஓர் அரசு விரும்பியதை அவர் கொடுக்கவில்லை. 1978-ல் அதற்கு நேர் எதிரான இன்னோர் அரசு விரும்பியதையும் கொடுக்கவில்லை. திருவள்ளுவர் ஒரு தனி அதிகாரமே ஒதுக்கிப் பாடிய நடுவு நிலைமை என்பது இதுதானே?

என் சொந்த அனுபவம் ஒன்று

இதை எழுதும்போது என் மனசாட்சிக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சர்வீஸில் ஒருமுறை என்னைத் துறை விசாரணை அதிகாரியாக நியமித்தார்கள். அலுவலகத்தின் பெயரும் ஊரும் வேண்டாம். ஸ்டோர்ஸில் சில சாமான்கள் குறைந்திருந்தன. சாவி வைத்திருந்த கீழ்நிலை ஊழியர் ஒருவர் மேல் குற்றச்சாட்டு. நான் ரிஜிஸ்டர்களைப் புரட்டினேன், சாட்சிகளைக் கேட்டேன். மாற்றுச் சாவி இன்னொருவரிடமும் இருந்தது என்று தெரிந்தது. யார் எடுத்தார் என்று சொல்ல எனக்கு ஆதாரம் போதவில்லை. ‘நிரூபிக்கப்படவில்லை’ என்று எழுத வேண்டிய இடம்.

மேலதிகாரி என்னை அழைத்து வற்புறுத்தவில்லை, மிரட்டவுமில்லை. “இந்த கேஸ் சீக்கிரம் முடிந்தால் நல்லது சார், ஆடிட் வருகிறது” என்றார், அவ்வளவே. நான் ‘ஓரளவு நிரூபணமாயிற்று’ என்று எழுதினேன். ஓரளவு! பௌதிகப் பரிசோதனையில் அளவு கிடைக்காதபோது ‘ஓரளவு கிடைத்தது’ என்று எழுதினால் என் பேராசிரியர் நோட்டைத் தூக்கி எறிந்திருப்பார். அந்த ஊழியருக்கு இரண்டு இன்கிரிமென்ட் நிறுத்தப்பட்டது. நான் மாற்றலாகிப் போன பின், அந்தச் சாமான்கள் வேறொரு அறையில் வேறு பெயரில் பதிவாகி அப்படியே இருந்தன என்று கேள்விப்பட்டேன். யாருமே திருடவில்லை. அப்பீல் செய்து அவருக்குப் பணம் திரும்பக் கிடைத்ததாகச் சொன்னார்கள். அவர் முகத்தில் விழிக்க எனக்குத் துணிவு வந்ததில்லை.

ஒரு ஸ்டோர்ஸ் சாவி விஷயத்தில், ஒரு ஆடிட்டுக்குப் பயந்து, என்னால் ‘தெரியவில்லை’ என்ற ஒரு வார்த்தையை எழுத முடியவில்லை. நாடு முழுவதும் காது கொடுத்துக் காத்திருந்த விஷயத்தில் ஒரு மனிதர் அதை எழுதினார். அதனால்தான் அவரை நினைத்துக் கைகூப்புகிறேன்.

நிறைவாக

ஜகன்மோகன் ரெட்டி அவர்கள் 1999-ல் காலமானார். ‘தி ஜூடிஷியரி ஐ சர்வ்ட்’ என்ற அவருடைய சுயசரிதை ஆங்கிலத்தில் உள்ளது. வீட்டில் சட்டம் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் வாங்கிக் கொடுங்கள்.

அவர் அமர்ந்திருந்த மூசி நதிக்கரைக் கட்டடம் எத்தனையோ மாறுதல்களைப் பார்த்துவிட்டது. 2009-ல் ஒரு தீ விபத்தையும் தாங்கிற்று. 2019 ஜனவரி 1 முதல் ஆந்திராவுக்கு அமராவதியில் தனி ஹைகோர்ட் அமைய, இங்கே இருப்பது தெலங்கானா ஹைகோர்ட் ஆயிற்று. ராஜேந்திரநகரில் அதற்குப் புதிய கட்டடம் கட்ட 2024 மார்ச் 27-ல் அப்போதைய தலைமை நீதிபதி டி. ஒய். சந்திரசூட் அடிக்கல் நாட்டினார். அவருடைய தந்தை ஒய். வி. சந்திரசூட், கேசவானந்த பாரதி அமர்வில் ரெட்டி அவர்களோடு உட்கார்ந்து, மறுபக்கம் தீர்ப்புச் சொன்ன ஆறு பேரில் ஒருவர். ஆனால் பின்னாளில் மினர்வா மில்ஸ் தீர்ப்பில் அதே அடிப்படை அமைப்புக் கோட்பாட்டை உறுதி செய்தவரும் அவரே. மாறுபட்டு நின்றாலும், தீர்ப்பு ஆன பின் அதற்குக் கட்டுப்பட்டு அதைக் காப்பது பெரிய மனிதர்களின் இயல்பு.

ஆரம்பத்தில் எழுந்த கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். பிழைப்புக்காகப் பல ஊர்களில் குடியேறியவர்கள் நாம். நம் சங்கத்தின் கிளைகள் உள்ள ஒவ்வோர் ஊரும் நமக்குச் சோறு போட்ட ஊர். அந்த ஊர் பெற்ற நல்லவர்களை நம்மவர் என்று எண்ணிப் போற்றாவிட்டால், நாம் அங்கே என்றும் வாடகைக்குக் குடியிருப்பவர்கள்தான். திருவாரூர் முத்துசாமி ஐயரை நம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வது போலவே, வாரங்கல் வம்சத்து ஜகன்மோகன் ரெட்டியையும் சொல்வோம். மற்ற நகரங்களில் உள்ள உறுப்பினர்கள் தங்கள் ஊரின் நீதிமான் ஒருவரைப் பற்றி எழுதினால் படிக்க ஆவலாக இருக்கிறேன்.

என் பேத்தியிடம் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். ஸ்டோர்ஸ் சாவி விஷயம் வந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்தாள். “இதை இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லையா தாத்தா?” என்றாள். இல்லை என்றேன். “அப்படியானால் அந்தப் பகுதியை எடுத்துவிடாதே” என்று சொல்லிவிட்டுப் போனாள். எடுக்கவில்லை.